மலையேறி வந்த இறாலுக்கு எத்தனை நிமிடம்?

புனேயின் கிழக்குப் பக்கம், ஹடப்சரை ஒட்டி இருக்கிறது மகர்பட்டா. கால் நூற்றாண்டுக்கு முன்பு வரை கரும்பு விளைந்த பூமி. சதீஷ் மகர் முன்னின்று நடத்த, 120-க்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வெளியாருக்கு விற்றுவிடாமல், சுமார் 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்துத் தாங்களே ஒரு நகரமாக எழுப்பினார்கள். சைபர்சிட்டி வந்தது, கணினி வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்களும் வந்தன. கூடவே ஊர்ப் பழக்கமும் வந்தது: ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கினால் தொக்கு. வெங்காயம் தக்காளி வதங்க, மசாலாவின் பச்சை வாசனை போக, எண்ணெய் பிரிய என்று இறால் இருபது, இருபத்தைந்து நிமிடம் அடுப்பில் கிடக்கிறது. இதற்குச் சொல்லப்படும் காரணம், ‘இங்கே கடல் ஏது, ஐஸில் கிடந்து வந்த இறால்தானே, நன்றாக வேகவைத்துக் காரசாரமாக மசாலா போட்டால்தான் வாயில் வைக்க முடியும்’ என்பது. அந்தக் காரணம் தலைகீழானது. கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊரில் கிடைக்கிற இறாலுக்குத்தான், மசாலா இறங்கிய உப்பு நீரில் ஓட்டோடு போட்டு, கொதி திரும்புகிற நேரத்தில் தீயை அணைத்து, அந்த நீரிலேயே ஊறவிட்டு எடுக்கும் சமையல் மிகவும் பொருந்தும்.

முதலில் இறால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். மேற்கே ரத்னகிரியின் மிர்கர்வாடா, மும்பையில் 1875 முதல் இயங்கும் சசூன் டாக் போன்ற துறைகளில் இறங்கி, ஐஸ் பெட்டிகளில் சஹ்யாத்ரி மலையேறி வருவது கடல் இறால். மராத்திக்காரர்களின் கோளம்பி இதுதான். நேர்கோட்டில் அளந்தால் கடல் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் படகு பல நாள் கடலில் தங்கிப் பிடித்ததா, அன்றே கரை திரும்பியதா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அந்த வரத்தும் வற்றிவிடும். இன்னொரு வழி கிழக்கே இருந்து வருவது: ஆந்திரக் கரையோரக் குளங்களில் வளரும் வன்னாமி. அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த இனத்தை வணிக ரீதியில் வளர்க்க இந்தியாவில் 2009-இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் குளங்களை ஆண்ட கருவண்டு இறாலை வெள்ளைப்புள்ளி நோய் வாட்டியெடுத்திருந்தது. குளத்தில் வலை இழுத்த சில மணி நேரத்திலேயே வன்னாமி ஆலைக்குப் போய் உறைந்துவிடுகிறது. ஆகவே கடையில் ஐஸின் மேல் பளபளக்கும் ‘ஃபிரெஷ்’ இறாலைவிடப் பையில் கல்லாக இறுகிக் கிடக்கும் இறால் வயதில் இளையதாக இருக்கலாம். இந்த இரண்டையும் ‘ஐஸ் இறால்’ என்று ஒரே பெயரில் ஒதுக்குவதுதான் முதல் பிழை.

இந்தியா 2023-24-இல் ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.16 லட்சம் டன். அதில் ஏறக்குறைய 3 லட்சம் டன் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அதில் ஒரு நல்ல பங்கு வெறும் உப்பு நீரிலோ மசாலா நீரிலோ அவிக்கப்பட்டு, ஆறவைத்து, ஏதாவதொரு சட்னியில் தொட்டுச் சாப்பிடப்படுகிறது. அதே குளத்து இறால் இங்கே தொக்கில் சுருங்கி ரப்பராகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, நம் நாட்டிலேயே இறால் சாப்பிடுகிறவர்களைப் பெருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய கையகல இறால் சட்டியில் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்குவதைப் பார்த்தவர் அடுத்த வாரமும் அதே விலை கொடுத்து வாங்குவாரா?

சுருங்குவது ஏன்? இறாலின் சதை பெரும்பாலும் நீர். அந்த நீரைப் பிடித்துவைத்திருப்பது தசைப் புரதங்கள். சூடு 50 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மயோசின் என்ற புரதம் உருக்குலைந்து, கண்ணாடி போலிருந்த சதை வெள்ளையாகி இறுகத் தொடங்கும். அந்த நிலையில்தான் கடித்தால் ‘நறுக்’ என்று உடைகிற, நீர் வற்றாத பக்குவம் கிடைக்கிறது. 65, 70 டிகிரியைத் தாண்டும்போது ஆக்டின் என்ற அடுத்த புரதமும் சுருங்கும்; ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்தது போலச் சாறு வெளியேறும். ஆட்டுத் தொடைக் கறியில் இந்தக் கட்டத்துக்குப் பிறகும் வேகவைப்பதில் பயன் உண்டு. அதிலுள்ள கெட்டியான இணைப்புத் திசு மணிக்கணக்கில் வெந்து கரைந்து குழையும். இறாலில் அப்படிக் கரைய வேண்டிய கெட்டித் திசு அதிகம் இல்லை. எனவே பக்குவத்தைத் தாண்டி அடுப்பில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இறாலுக்கு நட்டம்தான். ஓட்டின் நிறம் மாறுவதும் இதே கதைதான். இறாலிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருளை ஒரு புரதம் பிடித்துவைத்து நீலச் சாம்பலாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டில் அந்தப் புரதம் பிடியை விட்டதும் சிவப்பு வெளியே வருகிறது. ஓடு சிவந்துவிட்டால் வெந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஓடு முதலில் சூடேறும், நடுச்சதை பின்தங்கும். ஆகவே பார்க்க வேண்டிய இடம், தலையை எடுத்த பக்கத்தில் தெரியும் சதையின் நடுப்பகுதி. அங்கே கண்ணாடித்தன்மை மறைந்து முத்து வெள்ளை வந்திருக்க வேண்டும். உடம்பு லேசாக வளைந்திருந்தால் சரி. வால் தலைப்பக்கத்தைத் தொட்டு வளையமாகிவிட்டால் கடந்துபோயிற்று.

இனிச் சட்டிக்கு வருவோம். புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டு லிட்டர் கொதிநீரில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த அரைக் கிலோ இறாலைப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இறாலும் நீரும் வெப்பத்தைப் பகிர்ந்துகொண்டு 80 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். கொதி அடங்கிவிடும். வீட்டு எரிவாயு அடுப்பில் பெரிய பர்னரை முழுத் தீயில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் சட்டியின் ஓரங்களில் குமிழி மறுபடி கிளம்பும். அந்தக் குமிழிதான் கடிகாரம். அது தெரிந்த உடனே தீயை அணைத்து, இரண்டு தட்டு ஐஸ் கட்டியை, ஏறக்குறைய 400 கிராம், சட்டியில் கொட்டினால் நீர் 70 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கி, பிறகு மெதுவாக ஆறிக்கொண்டே போகும். இப்போது இறால் மேலும் முறுக்கேறாது; ஆனால் நீரிலுள்ளதை உள்ளே இழுக்க நேரம் கிடைக்கும். எட்டு முதல் பத்து நிமிடம் அப்படியே ஊறட்டும். கல்லாக உறைந்த இறாலை நேராகச் சட்டியில் போடக்கூடாது என்பதற்கும் இதே கணக்குத்தான் காரணம். உள்ளிருக்கும் பனி உருகவே ஏராளமான வெப்பம் போய்விடும். வெளிப்புறம் விறைத்தபின்தான் நடுச்சதை வேகத் தொடங்கும். முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுவது நல்லது. அவசரமென்றால் பையோடு குளிர்ந்த நீரில் முக்கிவைக்கலாம்.

நீரிலிருந்து இறாலுக்குள் உண்மையில் போவது எது? இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் சதைக்குள் நன்றாகப் புகுவது உப்பு மட்டும்தான். மிளகு, கிராம்பு, பூண்டு இவற்றின் மணமும் மிளகாயின் காரமும் எண்ணெயோடு உறவாடுபவை. நீரில் அரைகுறையாகத்தான் கரையும், சதைக்குள் ஆழமாக நுழையாது. அவை ஓட்டிலும், ஓட்டுக்கும் சதைக்கும் இடையிலான இடுக்கிலும், உரிக்கும் விரல்களிலும்தான் தங்கும். எனவேதான் ஓட்டோடு அவிக்க வேண்டும், கையால் உரித்துச் சாப்பிட வேண்டும். உப்பு மட்டும் போனால் போதுமா என்றால், வளர்ப்பு இறாலுக்கு அது பெரிய உபகாரம். உப்புக் கடலில் வாழும் இறால், வெளியே உள்ள உப்பைச் சமாளிக்கத் தன் தசையில் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்கிறது. கடல் இறாலின் இனிப்பு அதுதான். உப்பு குறைந்த குளத்து நீரில் வளர்ந்த வன்னாமிக்கு அந்தச் சேமிப்பு குறைவு. நீருக்குப் போடும் உப்பு அந்த இனிப்பைப் படைத்துவிடாது. இருக்கிற இனிப்பை நாக்குக்கு எடுத்துக்காட்டும். லிட்டருக்கு 35 கிராம் என்பது கடல்நீரின் கணக்கு. இரண்டு லிட்டருக்கு 70 கிராம், அதாவது தூள் உப்பில் நான்கு பெரிய கரண்டி. ஐஸ் உருகிச் சேரும்போது அது இன்னும் நீர்த்துப் பதமாகும். கல் உப்பு என்றால் கரண்டிக் கணக்கை நம்பாமல் நிறுத்துப் போடுங்கள். இவ்வளவு உப்பா என்று கை நடுங்கும். அதில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும்.

‘இது வெள்ளைக்காரர் சமையல், நம் நாக்குக்கு ஆகாது’ என்று ஒரு மறுப்பு வரும். மசாலா நீரில் இறாலும் நண்டும் அவித்து மேசையில் கொட்டிக் கூடிச் சாப்பிடுவது அமெரிக்காவின் லூசியானா பக்கத்து வழக்கம் என்பது உண்மை. நியூ ஆர்லியன்ஸில் 1889-இல் தொடங்கிய சாட்டரேன்ஸ் நிறுவனத்தின் அவியல் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே கடுகு, மல்லி விதை, மிளகாய், பிரியாணி இலையைப் போன்ற ஓர் இலை! நம் அஞ்சறைப்பெட்டியைக் கடல் தாண்டிப் போய்த் திறந்தது போல இருக்கும். பால்டிமோரில் ஓல்டு பே என்ற தூளை உருவாக்கிய குஸ்தாவ் புருன், நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த யூத மசாலா வியாபாரி. தூள் பிறந்தது 1939 வாக்கில். ஆக இது எவருடைய தனிச் சொத்தும் இல்லை. தமிழருக்கும் சொந்தமான ஒரு கடல் அவியல் இருக்கிறது: யாழ்ப்பாணத்து ஒடியற் கூழ். பலாக்கொட்டை, பயற்றங்காய் என்று வேக நேரம் பிடிப்பவை முதலில். பிறகு மீன், நண்டு, இறால். கடைசியில் செத்தல் மிளகாய், புளி, ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மாவு). பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றி, சட்டியைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள். எதை எப்போது போடுவது என்ற ஒழுங்கு லூசியானாச் சட்டியிலும் யாழ்ப்பாணச் சட்டியிலும் ஒன்றுதான். கூடிச் சாப்பிடும் மனமும் ஒன்றுதான்.

மகர்பட்டா அடுக்களைக்கு இதைக் கொண்டுவர விசேஷச் சாமான் எதுவும் வேண்டாம். இரண்டு கரண்டி மல்லி விதை, ஒரு கரண்டி கடுகு, ஒரு தேக்கரண்டி மிளகு, நான்கு கிராம்பு, பத்துப் பன்னிரண்டு காய்ந்த மிளகாய், மூன்று பிரியாணி இலை, குறுக்கே வெட்டிய ஒரு முழுப் பூண்டு, ஒரு வெங்காயம். இவற்றோடு, தலையைக் கிள்ளி எடுத்திருந்தால் அந்த இறால் தலைகளையும் சேர்த்து, இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான உப்பு நீரில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். மசாலாவுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை இறால் வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் இந்தச் சமையலின் உயிர். சிறு உருளைக்கிழங்கும் இதிலேயே வேகும். புனே உயரத்தில் அந்த இரண்டு டிகிரிக் குறைவு இறாலைப் பாதிக்காது, கிழங்குக்கு மட்டும் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். புளிப்பை முதலிலேயே போட்டால் கிழங்கு மெதுவடையாது. அதனால் எலுமிச்சையோ, கொங்கண் பக்கத்துக் கோகம் தோல் ஐந்தாறோ, தீயை அணைத்தபின் போடுவதே சரி. கோகம் அந்த ஊரில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். அது நீருக்கு ஒரு கருஞ்சிவப்பும், புளியைவிட மென்மையான புளிப்பும் தரும். மணம் எண்ணெயில்தான் ஏறும் என்று சொன்னேன் அல்லவா? வடித்த இறாலின் மேல் பூண்டும் மிளகாய்த் தூளும் வெதுப்பிய இரண்டு கரண்டி வெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ ஊற்றிப் புரட்டினால், நீரில் விட்ட குறை அங்கே தீரும்.

இறாலைத் தயார் செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் கேட்காமலே உரித்துக் கொடுத்துவிடுவார். உரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முப்பது நாற்பது கவுண்ட், அதாவது கிலோவுக்கு முப்பது நாற்பது நிற்கிற அளவு, இதற்குப் பொருத்தம். நூறு கவுண்ட் பொடி இறால் தொக்குக்கே போகட்டும். கூர்மையான சிறு கத்தரியின் ஒரு முனையைத் தலைப்பக்கத்து ஓட்டுக்குக் கீழே செருகி, முதுகு வழியாக வால் முன்கண்ணி வரை வெட்டுங்கள். ஓடு இரண்டாகப் பிளந்து நிற்கும், கழன்று விழாது. கத்தரி சதையில் கால் அங்குலம் இறங்கினால் போதும், கறுப்பு நூலாகக் குடல் தெரியும். பல்குத்தும் குச்சியால் நடுவில் கொக்கி போட்டு இழுத்தால் முழுதாக வந்துவிடும். இந்தப் பிளவு வழியாகத்தான் உப்பு விரைவாக உள்ளே போகும், மசாலா இடுக்கில் தங்கும். தலை வைப்பதா எடுப்பதா என்பது இறாலின் வயதைப் பொறுத்தது. தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியின் நொதிகள், இறால் செத்தபின் சதையைக் கரைக்கத் தொடங்கும். அன்றே இறங்கிய இறாலில் தலை ருசிக் களஞ்சியம். இரண்டு மூன்று நாள் ஐஸில் கிடந்ததில் கழுத்தருகே சதையைக் குழைத்துவிடும். தலையில் கறுப்பு படர்ந்திருந்தால் அழுகிவிட்டது என்று உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பது போன்ற நொதி வேலை அது. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடிதான் விலகச் சொல்லும் அறிகுறி. உறைந்த பையில் வாங்கும்போது பின்பக்க எழுத்தையும் படியுங்கள். இறாலும் உப்பும் தவிரப் பாலிபாஸ்பேட் என்றிருந்தால், அதன் வேலை சதையில் நீரைத் தேக்குவது. எடையில் ஒரு பங்காகத் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம்.

கவுச்சி என்னவாகும்? கடல் உயிர்களின் தசையிலுள்ள மணமற்ற ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது பிறப்பது டிரைமெத்தில் அமீன். அதுவே மீன் நெடி. மூடாத சட்டியில் கொதிக்கும் நீரின் ஆவியோடு ஒரு பங்கு போய்விடும். கோகமோ எலுமிச்சையோ மீதியைக் கட்டிப்போடும். அதற்கு மேலும் நெடி அடித்தால் குற்றம் சமையலில் இல்லை, இறாலில் இருக்கிறது. அது நமக்குத் தெரிவதும் நல்லதே. தொக்கு இந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது. கெட்டுப்போகத் தொடங்கிய இறாலை இருபது நிமிட மசாலாவுக்குள் ஒளித்துவைப்பது, வாங்குபவரைவிட விற்பவருக்கே உதவி. அவித்த இறால் அடுத்த வாரம் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் கிருமி சாகுமா என்ற அச்சம் நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடல் உணவின் நடுச்சதை 63 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தரும் அளவு. முதுகு பிளந்த நாற்பது கவுண்ட் இறால் கொதிக்குப் பக்கத்து நீரில் இரண்டு நிமிடமும், பிறகு 70 டிகிரியை ஒட்டிய நீரில் பல நிமிடமும் இருக்கிறது; அந்த அளவைத் தாராளமாகத் தொட்டுவிடும். பெரிய இறால் என்றால், அணைப்பதற்கு முன் ஒன்றை எடுத்து வெட்டிப் பாருங்கள். நடுவில் கண்ணாடி தெரிந்தால் ஐஸ் போடும் முன் இன்னும் ஒரு நிமிடம். பல வீடுகளில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பச்சை இறால் இருந்த அதே தட்டில் வெந்ததை வடித்து வைப்பதும், வடித்ததை மதியம் முழுதும் மேசையில் விட்டுவைப்பதும் சமைத்த பயனையே கெடுத்துவிடும்.

தீயால் எதுவும் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது: ஒவ்வாமை. இந்திய வெள்ளை இறாலை அவித்த பிறகும் ஒவ்வாமைப் புரதம் அழியாமல் இருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. வி. சுப்பா ராவ் குழுவினர் 1989-இல் காட்டினார்கள். 1993-இல் அது டிரோபோமயோசின் என்று அடையாளம் கண்டார்கள். உலகம் முழுதும் இன்று மருத்துவர்கள் சொல்லும் இந்த உண்மையின் வேர் நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் இருப்பது பெருமைக்குரியது. அவியல் சட்டிக்கு இதன் பொருள் மிகக் கறாரானது. அந்தப் புரதம் நீரிலும் இறங்கும். ஆகவே இறால் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால், ‘நீ கிழங்கை மட்டும் எடுத்துக்கொள்’ என்று அதே சட்டியிலிருந்து பரிமாறக் கூடாது. அவருக்கான கிழங்கு தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு வேகட்டும். கூப்பிடும் விருந்தாளிகளிடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.

‘சாறெல்லாம் நீரில் போய்விடுமே’ என்ற கேள்வி இன்னும் மிச்சம். பத்து நிமிடத்தில் கொஞ்சம் போகத்தான் செய்யும். தொக்கில் போவதைவிடக் குறைவு. போனதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. வடித்த நீரை மெல்லிய துணியில் ஊற்றினால் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு எண்ணெய்ப் படலம் மிதக்கும். இறால் தலையிலிருந்து இறங்கிய நிறமும் மணமும் அதில் இருக்கின்றன. இதை அப்படியே குடிக்க முடியாது, அவ்வளவு உப்பு. ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெந்நீர் சேர்த்து, தக்காளியும் தட்டிய பூண்டும் போட்டு, மேற்கொண்டு உப்பு சேர்க்காமல் ஒரு கொதி விட்டால் அன்றிரவுக்கு ரசம். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, தடைக்காலத்தில் கோளம்பி வராத ஒரு ஜூன் மாத மழைநாளில் இரண்டு கட்டியைச் சோறு வேகும் நீரில் போடுங்கள்.